மாப்பிள்ளையா, கள்வனா?

மலைநாட்டுத் தோட்டமொன்றில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்த நேயர்களுக்கு ஓர் அனுபவம் மறக்க முடியாததாக இருக்கும். இரவு மூன்று மணி. பனி கம்பளியைத் துளைத்துக்கொண்டு உடம்பிலே இறங்குகிறது. குழந்தைகள் தாய்மார் மடியிலே சுருண்டு கிடக்கின்றன. கிழவர்கள் உட்கார்ந்தபடியே உறங்குகிறார்கள். ஆர்மோனியக்காரர்கூடக் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் துருத்தியை அசைக்கிறார். அந்த வேளையில் நம்பிராஜன் வில்லும் அம்புமாய் மேடைமீது பாய்ந்து, "எங்கே அந்தக் கள்வன்?" என்று ஓர் உறுமல் உறுமுவான். அவ்வளவுதான்! உறங்கிய கூட்டம் முழுவதும் விழித்துக்கொண்டு கொல்லென்று சிரிக்கும்.

கள்வன் யார் என்பது மடியிலிருக்கும் குழந்தைக்கும் தெரியும். கழுத்திலே காகிதப் பூமாலையும் கையிலே வேலுமாய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் முருகப் பெருமானே அவன்! உலகத்தைக் காக்கும் கடவுள், பெண் கேட்டு வந்த இடத்திலே திருடனாகிவிட்டார். இதைக் கண்டு எந்த ஊரிலும் சிரிப்பார்கள். ஆயினும் தேயிலை மலையிலே எழும் சிரிப்பில் வேறொரு சுவை உண்டு. அது அனுபவப்பட்டவர்களின் சிரிப்பு. இந்த வாரம் அதைப் பற்றித்தான் நேயர்களோடு சிறிது பேச எண்ணினோம்.

நம்முடைய இலக்கணக்காரர்கள் பொல்லாதவர்கள். மலைக்குக் குறிஞ்சி என்று பெயரிட்டு, முருகனை அதற்குத் தெய்வமாக்கி, காதலர் கூடுதலை அந்நிலத்துக்குரிய ஒழுக்கமாக வகுத்தார்கள். அத்தோடு விட்டார்களா? மணத்துக்கு முந்திய காதலுக்குக் 'களவு' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். தொல்காப்பியத்திலே களவியல் முன்னே நிற்கிறது. கற்பியல் அதன் பின்னே வருகிறது. முதலிலே திருட்டு, பிறகுதான் திருமணம்! காதலன் என்றாலே ஒரு வகைக் கள்வன் என்பது இலக்கணத்தின் முடிவு.

இறையனார் அகப்பொருளுக்கு உரை கண்ட ஆசிரியருக்கு இந்தப் பெயர் சற்று உறுத்தியிருக்க வேண்டும். களவு என்பது பழிக்கப்பட்ட சொல்லாயிற்றே, அதை நல்லதென்று எப்படிக் கொள்வது என்று ஒரு வினாவைத் தாமே எழுப்பி, விடையாக ஒரு கதையும் சொல்கிறார். பெண்ணொருத்தி வீட்டாரோடு சண்டையிட்டு, சாகத் துணிந்து நஞ்சைக் கூட்டி வைத்துவிட்டாள். தடுப்பவர் இல்லாத வேளையில் உண்ணலாம் என்று காத்திருக்கிறாள். அதைக் கண்ட இரக்கமுள்ளவன் ஒருவன், அவள் அறியாமல் நஞ்சை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டான். அவன் செய்ததும் திருட்டுத்தானே? ஆனால் அந்தத் திருட்டினால் ஓர் உயிர் பிழைத்தது. காதலரின் களவும் அவ்வாறு நன்மை பயப்பதே என்பது உரைகாரர் தீர்ப்பு. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மாப்பிள்ளைக்காக இத்தனை நயமாக வாதாடிய வழக்கறிஞர் நமக்குத் தெரிந்தவரையில் வேறொருவர் இல்லை.

இரவிலே காதலியைக் காண வருபவனுக்கு நேரும் இடையூறுகளையும் இலக்கண நூல்கள் ஒன்றும் விடாமல் எண்ணி வைத்திருக்கின்றன. ஊர் உறங்காது; தாய் உறங்கமாட்டாள்; நாய் குரைக்கும்; காவலர் விரைந்து சுற்றி வருவர்; நிலவு பகல்போல் காயும்; கூகை குழறும்; விடிவதற்குள் கோழி கூவிவிடும். இந்தப் பட்டியலைத் தோட்டத்து லயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். (லயம் என்பது 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவம். சங்கீதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; பன்னிரண்டு வீட்டுக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழும்போது தாளம் சேர்வதுமில்லை.) தகரக் கூரையின் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு வீட்டில் இருமினால் மறுவீட்டில் மருந்து சொல்வார்கள். தாய் கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருக்கிறாள். நாய்க்குப் பஞ்சமில்லை. கையிலே டார்ச் லைட்டோடு காவற்காரன் சுற்றுகிறான். இலக்கணக்காரர்கள் தேயிலைத் தோட்டத்தை நேரிலே பார்த்துவிட்டுத்தான் சூத்திரம் எழுதினார்களோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குறிஞ்சித் தலைவன் அஞ்சவேண்டியது பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஊராரின் வாய்க்குமே. தோட்டத்து மாப்பிள்ளை அஞ்சவேண்டியது நிலத்துக்கு உடையவனுக்கு. இதை விளக்க ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம்.

ஆண்டு 1938 என்று வைத்துக்கொள்வோம். டிக்கோயாப் பக்கத்து இளைஞன் ஒருவன். அடுத்த தோட்டத்திலே அவனுக்குத் தாய்மாமன் இருக்கிறார்; மாமனுக்கு மகள் இருக்கிறாள். முறைப்பெண். பிறந்த அன்றே அவனுக்கென்று பெரியவர்கள் சொல்லி வைத்த பெண். ஆகவே உறவுமுறைப்படி பார்த்தால் இதிலே களவு என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்பளம் வாங்கிய சனிக்கிழமை மாலை, ஹட்டன் கடைவீதியிலே அரை இறாத்தல் பூந்தி வாங்கிக் காகிதத்தில் சுற்றி, அதைத் துண்டிலே முடிந்துகொண்டு, எல்லை ஓடையைத் தாண்டுகிறான். இருட்டிவிட்டது. பனிமூட்டம் வேறு.

"யாருடா அது?"

"நான்தாங்க... மேல் டிவிசன் லயத்துக்கு, மாமாவைப் பார்க்க வந்தேங்க."

"மாமாவைப் பார்க்கிற நேரமா இது? துண்டிலே என்னடா மூட்டை?"

காவற்காரனுடைய சந்தேகத்தையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. தொழிற்சாலைப் பக்கமிருந்து துண்டு முடிச்சோடு வருகிறவன் தேயிலைத் தூள் கடத்துகிறவனாகவும் இருக்கலாம். பிடித்த கையோடு கணக்கப்பிள்ளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறான். கணக்கப்பிள்ளை முடிச்சை அவிழ்க்கிறார். தூளில்லை, பூந்தி. ஆனாலும் விசாரணை என்றால் முறைப்படி நடக்க வேண்டுமல்லவா? ஒன்றை எடுத்து வாயிலே போட்டுப் பார்க்கிறார். பூந்திதான் என்பது உறுதியாகிறது. மேலும் உறுதிப்படுத்துவதற்காக இன்னும் சிறிது.

மாமனுக்கு ஆள் போகிறது. அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி வருகிறார். "உனக்கு இவனைத் தெரியுமா?" என்று கேட்கிறார் கணக்கப்பிள்ளை. பாவம் மாமன்! தெரியும் என்றால், துரையின் அனுமதியில்லாமல் அயல் தோட்டத்து ஆளை லயத்துக்கு அழைத்த குற்றம் தம் தலையிலே விழும். தெரியாது என்றால், தங்கை மகன் பொலிசுக்குப் போய்விடுவான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குங்க" என்கிறார். அதற்குள் அத்தைக்காரி வந்துவிடுகிறாள். அவளுக்குச் சட்டமும் தெரியாது, பயமும் கிடையாது. "ஏங்க, எங்கேயோ பார்த்த மாதிரியா? மடியிலே போட்டுக் காது குத்தின புள்ளைய்யா இது! ஐயா, பூந்தியை நீங்களே வச்சுக்குங்க, புள்ளையை விட்டுடுங்க!" என்கிறாள். சாட்சியப் பொருளில் பாதிக்குமேல் தீர்ந்துபோயிருக்கும் நிலையில், கணக்கப்பிள்ளைக்கும் வழக்கை முடித்துக்கொள்வதே உசிதமாகப் படுகிறது.

இந்த மட்டோடு முடிந்தால் இது நல்ல நகைச்சுவை நாடகம். முடியாமல், மறுநாட் காலையில் பிரட்டுக் களத்திலே துரையின் காதுக்கு எட்டினால்? அங்கேதான் கதை வேறு பாதையிலே திரும்பும். மாமனுக்கு வேலை போகலாம். தோட்டத்திலே வேலை போயிற்று என்றால் கூரையும் போயிற்று என்று பொருள். வேலையோடு கட்டிய வீடு அது. அவர் ஒருவருக்குப் பற்றுச்சீட்டு எழுதினால் மனைவி, மக்கள், கிழட்டுத் தாய் எல்லாருமே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வரவேண்டும். ஒரு பொட்டலம் பூந்தியின் விலை இவ்வளவு தூரம் போகக்கூடும் என்பது வாசலிலே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் அவர்கள் சிரித்துச் சமாளிக்கிறார்கள்.

இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்டினால், அவையும் ஒரு வகையில் களவியலாகவே இருப்பதைக் காணலாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்கு மூன்று மாதம் வரையில் சிறைத் தண்டனை விதிக்கலாம். இன்னொருவருடைய வேலையாளை அவரிடமிருந்து இழுத்துக்கொண்டு போவதும் அந்தச் சட்டத்திலே குற்றம். அதற்கு ஆங்கிலத்திலே அவர்கள் வைத்த சொல்தான் வேடிக்கை. பெண்ணொருத்தியை ஆசை காட்டி மயக்குவதற்கு எந்தச் சொல்லை வழங்குவார்களோ, அதே சொல்லையே வேலையாளை மயக்கிக் கொண்டுபோவதற்கும் எழுதி வைத்தார்கள்! ஒரு மாப்பிள்ளை அயல் தோட்டத்துப் பெண்ணை மணந்து அழைத்துச் சென்றால், அவனைப் பொறுத்தவரையில் அவன் கொண்டுபோவது ஒரு மனைவியை. முதலாளியின் கணக்கிலோ, கொழுந்து பறிக்கும் இரண்டு கைகள் குறைகின்றன.

கைகளுக்கு விலையும் இருந்தது. பெரிய கங்காணியிடம் குடும்பம் பட்ட கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவிப்போம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆள் தோட்டம் மாறினால் கடனும் கூடவே மாறும், மாறும்போதெல்லாம் வளரும். பெண்ணுக்குச் சீதனம் கொடுத்து அனுப்புவதை நாம் அறிவோம். கடனைச் சீதனமாகக் கட்டி அனுப்பிய பெருமை இந்தத் துண்டு முறைக்கே உரியது. 1921ஆம் ஆண்டிலே அதைச் சட்டத்தினால் ஒழித்தார்கள். வேலையை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்பும் வழக்கமும் அதையொட்டியே போயிற்று.

எஞ்சி நின்றது அத்துமீறல் குற்றம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையிலே 427ஆம் பிரிவு அது. பிறருடைய நிலத்திலே நுழைவது மட்டும் அங்கே குற்றமாகாது. குற்றம் செய்யும் நோக்கமோ, நிலத்தை வைத்திருப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும், எரிச்சலூட்டும் நோக்கமோ இருக்க வேண்டும். நேயர்களே, நீங்களே நீதவானாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லுங்கள். பூந்திப் பொட்டலத்தோடு ஓடையைத் தாண்டியவனுடைய நெஞ்சிலே துரைக்கு எரிச்சலூட்டும் நோக்கம் இருந்திருக்குமா? துரை என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே அந்த நேரத்தில் அவனுக்கு நினைவிருந்திருக்காது!

இதைப் போன்றதொரு வாதம் மெய்யாகவே இலண்டன் வரையில் போயிற்று. வழக்கு காதலைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. தோட்டத்திலே வேலை இழந்த ஒருவர் லயத்து அறையை விட்டுப் போக மறுத்ததற்காக அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனையும் பெற்றார். செல்வநாயகம் வழக்கு என்று சட்டத்துறையினர் குறிப்பிடுவது இதையே. 1950இல் பிரிவிக் கவுன்சில் அந்தத் தண்டனையை நீக்கிற்று. தோட்ட நிர்வாகத்துக்கு எரிச்சல் உண்டாகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆயினும் அவருடைய தலையாய நோக்கம் தாம் வாழ்ந்துவந்த இல்லத்திலேயே தொடர்ந்து இருப்பதுதான் என்பது அவர்கள் கண்ட முடிவு. மனிதன் ஒரு செயலைச் செய்யும்போது அவன் மனத்திலே முதன்மையாக இருப்பது எது என்று பார்க்க வேண்டுமாம். நஞ்சு திருடியவனுக்காக நம் உரைகாரர் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? சட்ட வல்லுநர்கள் மன்னிப்பார்களாக. நமக்குத் தூரமே தெரியவில்லை.

சட்டம் அந்த முடிவுக்கு வந்து சேர 1950ஆம் ஆண்டு வரையில் ஆயிற்று. தோட்டத்து மக்களோ தங்களுடைய வழக்குகளை ஆண்டுதோறும் தங்கள் களத்திலேயே விசாரித்துத் தீர்ப்பளித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாசி மாதத்திலே நடக்கும் காமன் கூத்துத்தான் அந்த நியாயஸ்தலம்.

அமாவாசை கழிந்ததும் காமன் கம்பம் ஊன்றுவார்கள். தப்பு முழங்கும். நேர்த்திக்கடன் வைத்த இளைஞர்கள் காமனாகவும் ரதியாகவும் முடி தரித்து, முகத்துக்கு வண்ணம் பூசி ஆடுவார்கள். கதை யாவரும் அறிந்ததே. சூரனுடைய கொடுமை தாங்காத தேவர்களுக்குச் சிவபெருமானின் புதல்வன் ஒருவன் வேண்டியிருந்தது. சிவனோ யோகத்திலே அமர்ந்துவிட்டார். அந்த யோகத்தைக் கலைக்கும்படி காமனுக்கு ஓலை போகிறது. அவன் முதலிலே மறுக்கிறான். பிரமன் சபிப்பேன் என்று மிரட்டிய பிறகே புறப்படுகிறான். கெட்ட கனவு கண்ட ரதி காலைப் பிடித்துக்கொண்டு, போகவேண்டாம் என்று கதறுகிறாள். போகிறான், கணை விடுகிறான், நெற்றிக் கண் திறக்கிறது, சாம்பலாகிறான்.

வழக்கைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். ஏவியவர்கள் தேவர்கள். பயன் அடைந்தவர்கள் தேவர்கள். எரிந்தவன் மட்டும் காமன். கட்டளையிட்ட ஒருவராவது முன்னே வந்து, "சுவாமி, நாங்கள்தான் அனுப்பினோம், பையன் மேல் குற்றமில்லை" என்று வாய் திறந்தாரா? மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றிவிட்டு மேலிடத்துக்காகத் தண்டனையும் அனுபவிப்பது எப்படிப்பட்டது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னுமொன்று: காமன் திருமாலின் மகன். திருமாலோ உமையம்மையின் சகோதரர். ஆகவே சிவபெருமான் எரித்தது சொந்த மருமகனை! "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குங்க" என்று சொல்லவும் அங்கே ஒரு மாமன் இல்லை.

ரதியின் புலம்பல் தொடங்கும்போது கூத்தைப் பார்க்கும் பெண்களும் கண்ணீர் விடுவார்கள். முடிவிலே காமன் உயிர் பெறுகிறான். மேன்முறையீட்டில் விடுதலை! ஆனால் உடம்பு திரும்பக் கிடைக்கவில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். தமிழ்நாட்டிலே இந்த விவகாரத்தை இன்னும் ஆழமாக எடுத்துக்கொண்டு, லாவணிப் பாட்டிலே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவதுண்டு. காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. டேப்பைத் தட்டிக்கொண்டு விடிய விடிய எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். நம்முடைய வாக்கு எரியாத கட்சிக்கே என்பதை இங்கே பகிரங்கமாகச் சொல்லி வைக்கிறோம்.

மலைநாட்டு இலக்கியத்துக்கு மூத்தவரான சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்தவர். 1947இலே தலவாக்கலைத் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினரானவர். அவர் தோட்டத்து மக்களின் நாட்டுப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அந்தப் பாடல் உலகத்திலே காதலனும் காதலியும் தனியாக இருப்பதே அபூர்வம். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ எங்காவது பக்கத்திலே நின்றுகொண்டுதான் இருப்பார்கள். குறிஞ்சிக் கவிஞனுக்குக் கூகையும் கோழியும் எப்படியோ, தோட்டத்துப் பாடகிக்கு இவர்கள் அப்படி.

காமன் எரிந்ததன் பலனாகப் பிறந்த பிள்ளைதான் முருகன். அவன் வளர்ந்து பெண் தேடி மலைக்கு வருகிறான்; வந்தவுடன் அவனும் சந்தேக நபராகிவிடுகிறான். நேயர்களே, இது குடும்ப ராசி போலும்!

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகத்தின் வாயிலாக இந்தக் கதை பாமரர் அனைவருக்கும் தெரியும். மூலத்தை அறிய விரும்புவோர் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணப் படலத்தைப் புரட்ட வேண்டும். புராணமென்று பயந்து ஒதுக்கியவர்கள் அதிலே ஒரு முழு நீளத் துப்பறியும் நகைச்சுவைக் கதை இருப்பதைக் கண்டு வியப்பார்கள். தினைப்புனத்திலே வள்ளி பறவை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். முருகன் வேடனாக வந்து பேச்சுக் கொடுக்கிறான். பேச்சுச் சூடு பிடிக்கும் சமயத்தில் தகப்பன் நம்பி ஆட்களோடு வந்துவிடுகிறான். கையும் களவுமாக அகப்பட வேண்டிய மாப்பிள்ளை, மறு கணம் வேங்கை மரமாகி நிற்கிறான்! நேற்றில்லாத மரம் இன்றைக்கு எப்படி வந்தது என்று வேடர்களுக்குச் சந்தேகம். வெட்டி எறிவோம் என்கிறார்கள். வள்ளியைக் கேட்டால், எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது, மாயம் போலத் தோன்றிற்று என்கிறாள். குற்றத்துக்கு உடந்தையாகிவிட்டாள் பெண்! நம்பி நல்ல மனிதன். மகளுக்கு நிழல் தரும் மரமாயிற்றே என்று விட்டுவிட்டுப் போகிறான்.

மறுபடி அவன் வரும்போது மாப்பிள்ளை கிழச் சிவனடியாராகத் திருநீற்றுப் பையோடு எதிரே நிற்கிறான். வந்த காரியம் என்ன சுவாமி என்று கேட்கிறான் நம்பி. உங்கள் மலையிலுள்ள குமரியில் ஆட வந்தேன் என்கிறார் கிழவர். நம்பி அதைத் தீர்த்தம் என்று கொள்கிறான். கிழவர் சொன்னதோ அவன் பெற்ற குமரியை! தாராளமாக ஆடுங்கள், அப்படியே தனியாக இருக்கும் என் மகளுக்கும் துணையாக இருங்கள் என்று தகப்பன் தன் வாயாலேயே அனுமதி கொடுத்துவிட்டுப் போகிறான். குற்றவாளி ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதைவிட நுட்பமான வாக்குமூலத்தை எந்தத் துப்பறியும் நாவலிலும் நாம் படித்ததில்லை.

பிறகு தேனும் தினைமாவும் தின்றது, சுனை நீர் குடித்தது, அண்ணன் விநாயகன் யானையாக வந்து பெண்ணை வெருட்டியது எல்லாம் நாடகத்திலே பார்த்தவைதாம். முடிவிலே இரவோடிரவாக இருவரும் போய்விட, நம்பி படையோடு துரத்தி வந்து அம்புமாரி பொழிகிறான். முருகன் பதிலுக்கு ஒன்றும் எய்யவில்லை. அவனுடைய சேவல் ஒரு தடவை கூவுகிறது. வேடர்கள் அனைவரும் மாண்டு விழுகிறார்கள். களவைக் கெடுக்கும் கோழி என்று இலக்கணம் பழித்த அதே கோழி, இங்கே மாப்பிள்ளை வீட்டுக் கட்சியிலே சேர்ந்துவிட்டது!

இந்த இடத்திலேதான் கதை சிரிப்பை நிறுத்திக்கொள்கிறது. பெற்றவனைப் பிணமாகப் போட்டுவிட்டுப் பெண்ணை அழைத்துப் போவது அழகல்ல என்று நாரதர் எடுத்துரைக்க, வள்ளியின் கையாலேயே அவர்கள் உயிர் பெற்று எழுகிறார்கள். எழுந்த நம்பி காலில் விழுந்து வணங்குவதோடு நிற்கவில்லை, குறையும் சொல்கிறான். காக்க வேண்டிய நீயே இப்படித் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனால் எங்கள் குலத்தின் மானம் என்னாவது, ஊருக்கு வந்து முறைப்படி மணம் செய்துகொண்டு போ என்கிறான். கடவுளும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடக்கிறார். பெண் வீட்டாருக்கும் ஒரு நியாயம் உண்டென்று ஒப்புக்கொண்ட மாப்பிள்ளை அவர். தோட்டத்து மேடையிலே விடியற்காலம் இந்தத் திருமணம் நடக்கும்போது மொய் எழுதும் பாவனையிலே கூட்டத்திலிருந்து காசு வந்து விழும். காலைப் பிரட்டுக்குத் தப்பு அடிக்க இன்னும் சிறிது நேரமே இருக்கும்.

மலைநாட்டு மாப்பிள்ளைமீது பிற்காலத்தில் இன்னொரு குற்றச்சாட்டும் வந்து சேர்ந்தது. இது காவற்காரனுடையதன்று; அரசுகளுடையது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்த மக்களிலே பெரும்பாலோர் எந்த நாட்டினரும் அல்லாதவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். அதற்குப் பிறகு பெண் பார்க்கப் போன இடத்திலே, என்ன வேலை, எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள் என்ற கேள்விகளுக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நின்றது: "தம்பி எந்த நாட்டுக்கு எழுதியிருக்கீங்க?" ஒரே ஓடையின் இரு கரையிலும் பிறந்து வளர்ந்த முறைமாமனும் முறைப்பெண்ணும் வெவ்வேறு நாட்டவராகிவிடக்கூடிய நிலைமை. இங்கேயே பிறந்தவனைக் 'கள்ளத்தோணி' என்று ஏசியவர்களும் உண்டு. அவன் ஏறிய தோணி எது, அதை எங்கே திருடினான் என்று ஒருவரும் சொல்லவில்லை. தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலுக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கோச்சியின் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்ற இளைஞர்கள் எத்தனை பேரோ, கணக்கெடுத்தவர் இல்லை. நாடற்றவராய் இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிற்று. முதல் சட்டத்திலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள். நிச்சயதார்த்தத்துக்குக் காத்திருக்கக்கூடிய காலமல்ல அது.

வள்ளியின் கதை நடந்த இடம் எதுவென்பதில் தமிழ்நாட்டாருக்கும் நமக்கும் வழக்குண்டு. அதிலே விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமாயில்லை. செல்லக்கதிர்காமத்திலே மாணிக்க கங்கைக் கரையில் நின்று கேட்டால், யானை வந்த இடம் இதுதான் என்று சொல்லுவார்கள். தோட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆடி மாதத்திலே அங்கு போகிறவர்கள் மிகப் பலர். விழா நடக்கும் இரவுகளிலே, கதிர்காமக் கந்தன் கோயிலிலிருந்து திரையிட்ட பேழையை யானைமேல் ஏற்றி, தீப்பந்தமும் மேளமுமாய் ஊர்வலம் புறப்படும். அது போய்ச் சேருவது வள்ளியம்மன் கோயில் வாசலுக்கு. மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கப் போகிறார். இரவிலேதான் போகிறார். வழியின் இரு மருங்கும் சிங்களவரும் தமிழரும் தோளோடு தோள் நெருங்கி, "அரோகரா" என்றும் "சாது" என்றும் வழிவிட்டு நிற்கிறார்கள். யாருடா அது, துண்டிலே என்ன மூட்டை என்று கேட்பவர் ஒருவருமில்லை.